காருக்கு வேர்க்குமா?

கணபதி, கோவை-6
பங்குனி 27

மிதுன் அப்பாவுக்கு,

இங்கே நானும் மிதுனும் நலம். உங்கள் நலத்தைத் தினமும் போனில் கேட்டாலும் எழுத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்கு மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தோன்றும். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். முதலில் கார் ஷெட் ஷட்டர் விஷயம்.

பழைய ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் சிக்குகிறது, மாற்றவேண்டும் என்றபோது சரி என்றீர்கள். வெறும் தகரமா, நடுவே சூடு தடுக்கும் நுரை அடைத்ததா என்று கேட்டதும்தான், “இன்னும் வாங்காத காருக்குக் குளுகுளு ரூமா அம்மணி? காருக்கு வேர்க்குமா?” என்று சிரித்தீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த உங்கள் அப்பாவும் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனியும் மறைக்க என்னால் ஆகாது. அந்த ஷெட்டில் இரண்டு மாதமாக இருப்பது உங்கள் அப்பாதான்.

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை பல் துலக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், பதறாதீர்கள். இப்போது வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கிறார். ஆனால் மாடிப்படி ஏற முடியாது. கீழே குடியிருக்கும் மெர்சி டீச்சர் வீட்டைக் காலி செய்து தருகிறேன் என்றார். அவர் பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று மாமாவே தடுத்துவிட்டார். பின்னாலேயே பாத்ரூம் இருக்கிறது என்று ஷெட்டில் கட்டிலைப் போட்டோம்.

வீடியோவில் அவருக்குப் பின்னால் நீங்கள் பார்க்கும் வெள்ளைச் சுவர் சுவரே இல்லை, அவருடைய வேட்டி. கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன். இடது பக்க முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடிப்பது மிதுனின் வேலை. பேச்சு குழறுவதற்குப் பல்வலி என்று சொன்னோமே, அந்தப் பொய் என்னுடையது. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

அத்தை கடைசியாகப் படுத்தபோது நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்ததையும், பிறகு ஒன்றரை வருசம் வேலை கிடைக்காமல் அலைந்ததையும் அவர் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கிருபாகிட்டப் போன்ல மட்டும் சொல்லிப்போடாதீங்க அம்மணி” என்று சத்தியம் வாங்கினார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த ஷட்டர் மேற்கே பார்த்தது என்பது உங்களுக்குத் தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தோசைக்கல்தான். திறந்து வைத்தால் ரோட்டுப் புழுதி, அதோடு வெயிலும் நேரே கட்டிலில் விழுகிறது. மூடினால் உள்ளே வேகிறது. இரண்டு ஃபேன் சுற்றியும் அவர் பனியன் பிழிகிற மாதிரி நனைந்துவிடும். கேட்டால், “முப்பது வருசம் பவுண்டரியில இரும்பு உருக்கி ஊத்துனவனுக்கு இந்த வெயிலெல்லாம் என்னங்க அம்மணி” என்பார். அந்த மனுசர் சூடு என்று சொல்லி நீங்களாவது கேட்டிருக்கிறீர்களா?

ஷட்டர் போடும் நிஜாம் திங்கட்கிழமை இரண்டு மாதிரித் துண்டுகளைக் கொண்டு வந்தார். நுரை வைத்ததற்கு அவர்கள் தொழிலில் ‘பஃப்’ என்று பெயராம். “பஃப் போட்டா நல்லதுங்க” என்று அவர் சொன்னதும் மாமா கட்டிலில் இருந்தபடியே, “முட்டை பப்ஸா, காய் பப்ஸாங்க?” என்றார். கோணிய வாயோடு அவரே சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான். நிஜாம் தெருமுனை பேக்கரிக்குப் போய் நிஜமாகவே முட்டை பப்ஸ் வாங்கி வந்துவிட்டார்.

இரண்டு துண்டுகளையும் மூன்று மணி வெயிலில் சாய்த்து வைத்தோம். டீ குடித்துவிட்டு மாமாவை வாக்கரோடு கூட்டிப்போய், நிழல்பக்கமாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். வெறும் தகரத்தில் இடது கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துவிட்டார். நுரை வைத்ததில் வைத்த கையை எடுக்கவே இல்லை. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சாதாத் தகரமே போதுங்க. கிருபா சொன்னதையே போட்டுருங்க” என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். போனில்தானே சொல்லக்கூடாது என்றார்? கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் குறுக்குப் புத்தி உங்கள் வீட்டுக்கு வந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது.

வேலையை விடச் சொல்லி எழுதவில்லை. லீவு கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்குள் நிஜாமிடம் என்ன சொல்ல என்று மட்டும் தெரிவியுங்கள். மருதமலையான் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பியும் விடட்டும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாருக்கு என்று மாமா கேட்கவில்லை. “அடியில எனக்கும் கொஞ்சம் எடம் உடுங்க அம்மணி” என்று மட்டும் சொன்னார். இடது கையால் எழுதிப் பழகுகிறார், எழுத்து கோணலாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் சண்முகப்பிரியா

கிருபா கண்ணுக்கு,
காருக்கு வேர்க்காது.
எனக்கு வேர்க்குது.
அப்பா