நாவலில் பேசாத அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவைக் கேட்டதாகச் சொல். அறையில் ஹீட்டரைச் சரிசெய்துவிட்டார்கள். வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

ஆங்கில வகுப்பில் ஒரு பழைய நாவல் நடக்கிறது. ஊரைவிட்டுப் போன மகனின் கதை, தலையணை கனத்துக்கு இருக்கிறது. அதில் அவன் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பேசினால் என்ன சொல்வாள் என்று எழுதிவரச் சொன்னார் பேராசிரியை. மற்றவர்கள் கண்ணீரும் கம்பலையுமாக எழுதினார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. நீ கடைசி மூன்று தடவை போனில் சொன்னதையே தடவைவாரியாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் இதேதான்: "சாப்பிட்டியா? தலைய நல்லா துவட்டு. இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பாவா? தூங்குறாருடா."

அதை வாசித்துக் காட்டியதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். பேராசிரியை சிரிக்கவில்லை.

"இந்த அம்மா எதையோ மறைக்கிறாங்க. மூணு தடவையும் அப்பா தூங்குறாரே?" என்றார். நல்ல கற்பனை என்று முழு மதிப்பெண் போட்டார்.

அழுகையெல்லாம் வரவில்லை அம்மா. கேன்டீனில் தட்டு கழுவப் போனேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவுகிறேன் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார், அவ்வளவுதான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பருத்தித் துண்டு கொடுத்தனுப்பு. இங்கே வாங்கியது ஈரத்தை இழுப்பதே இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. போனில் கேட்க வாய் வராததால் எழுதுகிறேன். அடுத்த தடவை அப்பாவை எழுப்பு. அவர் பேசக்கூட வேண்டாம், ஒரு தடவை இருமினால் போதும்.

உன் பிள்ளை