பெரியம்மாவுக்கு நான் சொன்ன பதில்

அன்புள்ள வாலுப் பையா,

அப்பா நலம், பூனை நலம், உன் அம்மா நான் பாதிதான் நலம், மீதிப் பாதி ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அழுதுவிடுவேன், அதனால்தான் போனில் இவ்வளவு நீளமாகத் தட்டுகிறேன், பாதியில் விடாமல் படி. பெரியம்மாவை இதய ஆபரேஷனுக்குக் காலையில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார், ஆனால் 'தைரியமா இருங்க' என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே, அதற்கப்புறம்தான் எனக்குப் பயமே வந்தது.

போன வாரம் பெரியம்மா என்னைக் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டாள். 'ஏய் சந்தேகப்புலி, நீதான் ரெண்டு பக்கத்து ஆளுங்க பேசுறதையும் பாக்குறியே, இயேசு நெஜமாவே உயிரோட எழுந்தாராடி? ஜெபக் கூட்டத்துல கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. நீ நம்பாதவ, நீ சொல்லு. எனக்காகப் பூசி மெழுகாத' என்றாள். சந்தேகப்புலி என்பது மத விவாத சேனல்களின் கமெண்டில் நான் வைத்திருக்கும் பெயர் என்று உனக்குத் தெரியும், நீதானே அதைச் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்குவாய்! எத்தனை பேரை அங்கே வாயடைக்க வைத்திருக்கிறேன், ஆனால் இவள் கமெண்டில் வரும் ஆள் இல்லையே. ஆயுசு முழுக்க நம்பினவள், கத்திக்குக் கீழே படுக்கும் நேரத்தில் கேட்கிறாள். ஆமாம் என்று பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், இல்லை என்று சொல்லி அவள் மனசு விட்டுப்போய்விட்டால் நான் என்ன செய்வேன்? தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஓடி வந்துவிட்டேன்.

நான் வேலை பார்ப்பது திரும்பி வரும் பார்சல்களைப் பிரித்துப் பார்க்கும் இடத்தில், 'வரும்போதே உடைஞ்சிருந்துச்சு' என்று எழுதியிருந்தால் முதலில் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படியே இதையும் பிரித்தேன். பைபிளில் இயேசு கதை சொல்லும் நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார், உள்ளே யாரைப் பார்த்தார்கள் என்பதில் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதுவும் நடந்து பல வருஷம் கழித்து எழுதியது. சரி, நம் வீட்டிலேயே ஒரு சோதனை வைப்போம் என்று, நீ சின்ன வயதில் பேருந்து நிலையத்தில் தொலைந்துபோன கதையை அப்பா, மாமா, பெரியம்மா மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அப்பா நல்ல மழை என்றார், மாமா வெயில் மண்டையைப் பிளந்தது என்றார், உன் சட்டை நிறத்துக்கு ஒரு சண்டையே நடந்தது. எனக்கு ஒரே குஷி! சின்ன விஷயத்தில் முட்டிக்கொண்டாலும் பெரிய விஷயம் உண்மையாக இருக்கலாம்தானே! ஆனால் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது பெண் போலீஸ் என்பதில் மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. போலீஸே அங்கே வரவில்லையடா, டிக்கெட் கொடுக்கும் அக்காதான் உன்னை இடுப்பில் வைத்திருந்தாள், அவள் கையிலிருந்து வாங்கினது நான். பெரியம்மா சுவைக்காகச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னது எல்லோருக்கும் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. குஷி அத்தனையும் புஸ்ஸென்று போய்விட்டது. நீ கிடைத்தது உண்மை, போலீஸ் பொய். தொலைந்த பிள்ளை கிடைப்பதாவது உலகத்தில் நடக்கிறது, செத்தவர் எழுவது அப்படியா?

நேற்று சாயங்காலம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். 'அக்கா, பயந்து ஓடின சீடருங்க திரும்பி வந்து, அவரைப் பாத்தோம்னு உயிரே போனாலும் பரவாயில்லன்னு நின்னிருக்காங்க. அவங்க வேணும்னே புளுகினாங்கன்னு எனக்குத் தோணல. ஆனா எதைப் பாத்தாங்கன்னு என்னால சொல்ல முடியல. எழுந்தாருன்னு என்கிட்ட ஆதாரம் இல்ல' என்றேன். அவள் சிரித்தாள், தையல் போட்டால் சிரிக்க முடியாது இப்பவே சிரித்துக்கொள்கிறேன் என்று வேறு சொன்னாள். 'பூசி மெழுகாம சொன்னியே, அது போதும். நான் நம்புறது நம்புறதுதான், எனக்கு உன் சர்ட்டிபிகேட் வேணாம். நாளைக்கு உன் முகத்தப் பாக்கும்போது நீ சொல்றதுல எது நெஜம் எது சும்மா ஆறுதல்னு தெரியணும், அதுக்குத்தான் கேட்டேன். நான் போய் நேர்ல பாத்துட்டு வந்து சொன்னாலும் நீ நம்பவா போற, வீடியோ இருக்கான்னு கேப்ப' என்றாள்.

காலையில் ஸ்ட்ரெச்சரில் போகும்போது 'பொழைச்சு வருவேனாடி?' என்றாள். வருவாய் என்றேன். ஆதாரம் எங்கே என்று அவள் கேட்கவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, 'கீறல் விழுந்துச்சு, கொன்னுடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் வருவது யார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிடுகிறேன், இதுவரை வந்ததெல்லாம் வேறு வீட்டு ஆட்கள்.

நீ நல்லா இருக்கணும் ராசா, உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண் விழித்துப் போனை நோண்டாதே, நான் நோண்டுவதைச் சொல்லிக்காட்டாதே. பேருந்து நிலையத்தில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று எழுது, யாரிடமும் கேட்காமல் எழுது. அதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும். கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போன் பண்ணுகிறேன், மணி அடித்ததும் எடு.

இப்படிக்கு,
கதவைப் பார்த்தபடி,
உன் அம்மா