மியாவின் சைக்கிளுக்கு ஒரு ரேக்

ஜனவரி 8, வியாழன்

காலையில் மூடுபனி. மின்சாரம் பத்து மணிக்கு மேல்தான். காரின் பின்னடியில் ஹிட்ச் என்கிற சதுரக் குழாயை நேற்று லைங் தாயா பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். உள்ளளவு இரண்டு அங்குலம். மூன்று முறை அளந்தேன். இனி அதில் செருகும் சைக்கிள் ரேக் வேண்டும்.

மனைவி மியாவின் முழங்காலுக்கு சைக்கிள் நல்லது என்றார் டாக்டர். எங்கள் தெரு நெரிசலில் முடியாது. த்வாண்டே சாலை சமதரை, வண்டிகள் குறைவு. ஞாயிறுதோறும் இரண்டு சைக்கிளையும் காரில் ஏற்றிப் போவதாகத் திட்டம். ஐந்து மாதமாக வீட்டைவிட்டு இறங்காத மியா தானாகக் கேட்ட ஒரே விஷயம். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறாள்.

கூரைமேல் கட்டினால் செலவே இல்லை. ஆனால் என் கண் அறுவைக்குப் பிறகு கார் ஓட்டுவது மருமகன் கோ நைங். "மாமா, அத்தை உக்கார்ற சீட்டு என் தலைக்கு மேலயா? ஆம்பளை மகிமை என்ன ஆவும்?" மியாவும் அதை ஒத்துக்கொண்டாள். தன் தமெய்ன் கைலியை அவள் ஆண்கள் தலைக்கு மேல் கொடியில்கூடக் காயப்போட மாட்டாள். சரி.

தொங்கு வகை: பாதி விலை. சைக்கிளின் மேல்குழாயை ரேக்கின் இரண்டு கரங்களில் மாட்ட வேண்டும். மியாவுடையது பெண்கள் சைக்கிள், மேல்குழாயே கிடையாது. ஆகாது.
தட்டு வகை: சக்கரம் தட்டில் நிற்கும். எந்த சைக்கிளும் சரி. விலை கூட. பழையது கிடைத்தால் கட்டுப்படியாகும்.

முடிவு: தட்டு வகை. இரண்டு அடிக்கோடு.

ஜனவரி 9, வெள்ளி

வெயில். லத்தா பேட்டையில் ரேக் விற்கும் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டார். "ஊலே, நீங்க உக்காருங்க, டீ குடிங்க. நாங்க பேசிக்கிறோம்." உட்கார்ந்தேன். ‘ஊலே’ என்றால் பெரியவர், சரி; ஏன் உட்கார்ந்தேன்?

கோ நைங் தொங்கு வகையைத் தட்டிப் பார்த்தான். "மாமா, எல்லாம் ஒண்ணுதான். இது பாதி விலை."

"மியாவுடைய சைக்கிள்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் விலை பேசியாகிவிட்டது. பணம் என்னுடையது. குறிப்பு சட்டைப்பையில். எடுக்கவில்லை. ஒருவேளை ரேக் வகைகளைப் பற்றி நான்தான் தப்பாகப் படித்தேனோ என்றுகூட நினைத்தேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியார்!

ஜனவரி 10, சனி

தப்பாகப் படிக்கவில்லை.

என் சைக்கிள் ஒழுங்காகத் தொங்கியது. மியாவுடையது சாய்ந்து, முன்சக்கரம் தரையைத் தேய்த்து, கைப்பிடி கார்க் கண்ணாடியில் இடித்தது. மேல்குழாய்க்குப் பதிலாக மாட்டும் ஒரு கம்பி உண்டு. கடையில் இல்லையாம். கயிறு கட்டினோம், நழுவியது.

கோ நைங் கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா சைக்கிள் மட்டும் போதும். அத்தை அங்க நிழல்ல உக்காந்து நமக்கு சோறு போடட்டும்."

சிரித்தான். மியா மாடிப்படியில் நின்றிருந்தாள். பார்த்தேன். பார்த்துக்கொண்டே நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

போகவில்லை. மியா: "வலிக்குது, வேணாம்." நேற்றுவரை வலிக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை, சொல்லவில்லை. மகளிடமிருந்து போன்: "அப்பா, அவரு விளையாட்டுக்குச் சொன்னாரு." யாருக்கு விளையாட்டு? இதைக்கூடக் கேட்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

என் கோபத்துக்கு உரியவர்கள்: கடைக்காரர். மருமகன். நான். வரிசையை மாற்றி எழுத வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

ரேக்கைச் சைக்கா ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு தனியாக லத்தாவுக்கு. வழியெல்லாம் பேச வேண்டியதைப் பர்மிய மொழியில் மனப்பாடம் செய்தேன். கடைக்காரர் மறுபடியும் முக்காலி.

"உக்காருங்க, ஊலே."

"உட்காரமாட்டேன்."

"வாங்கினா வாங்கினதுதான். மருமகன் பார்த்துத்தானே எடுத்தாரு?"

"சைக்கிள் அவன் பெண்டாட்டியோடது இல்லை. என் பெண்டாட்டியோடது!"

கத்தியிருக்கிறேன் போலும். பக்கத்துக் கடையில் பேரம் நின்றது. மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட வரவில்லை, வேறு என்னவோ வந்தது. கடைக்காரர் முணுமுணுத்தபடி உள்ளேயிருந்து பழைய தட்டு ரேக் ஒன்றை இழுத்து வந்தார். சக்கரம் கட்டும் வார் ஒன்று இல்லை, துரு கொஞ்சம். அளந்தேன்: செருகு தண்டு இரண்டு அங்குலம். மேலே கொஞ்சம் கொடுத்து வாங்கிக்கொண்டேன். என் சேமிப்புக்குத் தாங்கும்.

மதியம் வீடு. நானே காரில் செருகினேன், பூட்டும் முளையை மாட்டினேன், ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மியாவின் சைக்கிளை எடுக்கப் படிக்கட்டின் கீழே போனேன். இல்லை.

"மா தீடாகிட்ட குடுத்துட்டேன்." தெருமுனை மொஹிங்கா நூடுல்ஸ் கடைப் பெண். "அவ வேலைக்கு நடந்தே வர்றா."

"யாரைக் கேட்டு?"

"நீங்க யாரைக் கேட்டு அந்த ரேக்க வாங்கினீங்க?" வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மாப்பிள்ளை சிரிச்சாரு, சின்னவரு. நீங்களும் சிரிச்சீங்களே."

காரடிக்குத் திரும்பிப் போனேன்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று தெரியும். தெரு முழுக்கப் பேசும். மா தீடா முகம் சுருங்கும். என் சைக்கிளை அவளுக்குக் கொடுக்கலாமென்றால், தமெய்ன் கட்டிக்கொண்டு மேல்குழாயைத் தாண்ட முடியாது. என்னுடையதை விற்று அவளுக்கு வேறு வாங்கித் தருவதாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது குரல் எப்படியிருக்கும், தெரியவில்லை. ரேக்கில் மியாவுடையது மட்டும் நிற்கட்டும். நான் நிழலில் உட்கார்ந்து சோறு போடுகிறேன்.

மொஹிங்கா கடை மூட இன்னும் பத்து நிமிடம். சட்டை மாற்ற நேரமில்லை.