இடது பக்கத்திலிருந்து வரும் பந்து

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பனிமழை. ஃப்ரீவே வழுக்குகிறது. டேகேர் தாமதமாகத் திறப்பு, குழந்தை செந்திலிடம். நான் மட்டும் மெல்ல ஊர்ந்து ஜிம்முக்கு.

நேற்று இரவு பாஸ்கெட்பால் ஆட்டத்தில் எங்கள் டீமுக்குத் தோல்வி. தோற்றது பரவாயில்லை, தோற்ற விதம்தான் உறுத்துகிறது. பாஸ்தியனுக்கு இடப்பக்கத்திலிருந்து வந்த பாஸ், காதை உரசிக்கொண்டு வெளியே போனது. கையைக்கூட நீட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று. பதினெட்டு வயதிலிருந்து சம்பளத்துக்கு ஆடுகிறவன். இப்படியா விடுவான்?

செந்தில் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இது சும்மா இல்ல சுகந்தி. காசு வாங்கிட்டு உடறான்."

"சும்மா இருங்க."

"எங்க ஆஃபீஸ்ல பாதிப் பேர் போன்ல இதான் பண்றாங்க. இந்த ஆளு இன்னிக்கி கம்மியாத்தான் பாயின்ட் எடுப்பான்னு காசு வெப்பாங்க. அவனும் அதுக்குத் தக்கன ஆடிட்டா முடிஞ்சுதா?"

சிரித்துவிட்டேன். ஆனால் வண்டி ஓட்டும்போது முழுக்க அதே நினைப்பு.

வாங்க வேண்டியவை: கறிவேப்பிலை, டயப்பர், டேப் ரோல் (டீம் கணக்கில்).

பிப்ரவரி 6, வியாழன்

வெயில். குளிர் விடவில்லை.

பாஸ்தியன் (இனி பா.) இன்று என் சிகிச்சை மேசையில். முழங்கால், கணுக்கால், இடுப்பு, எல்லாம் பார்த்தேன். இந்த டீமிலேயே நல்ல முழங்கால் இவனுடையதுதான். அப்படியானால் கோளாறு உடம்பில் இல்லை.

பேச்சுக் கொடுத்தேன். பிரான்ஸில் கப்பல் கட்டுகிற ஊரில் பிறந்தவன். அப்பா வெல்டர். உயரத்தைப் பார்த்துப் பதிமூன்று வயதில் பாஸ்கெட்பால் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கேயே நான்கு வருடம் ஆடிவிட்டு நியூ ஜெர்சி. பிறகு பே ஏரியா. இப்போது டெக்ஸாஸ், அதுவும் கீழ் லீகில். இருபத்தொன்பது வயது. மேல் லீக் இவனைக் கூப்பிடுவதென்றால் இந்த சீசனில் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் இல்லை.

வேடிக்கை, நாங்களும் அதே வழிதான். நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ, பே ஏரியாவில் சன்னிவேல், இப்போது இங்கே. செந்திலின் வேலை இழுத்த இழுப்புக்கு. சன்னிவேலில் எல் கமினோ சாலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்திருக்கிறான். அங்கே தோசை சாப்பிட்டானாம்.

"திங்கக்கிழமை அந்த ரெண்டு பாஸ் என்ன ஆச்சு?"

"லைட் கண்ல அடிச்சிருச்சு டாக்டர்." நான் டாக்டர் இல்லை, டீமின் பிசியோதெரபிஸ்ட் என்று பல தடவை சொல்லிவிட்டேன்.

அந்த மூலையில் லைட் கண்ணில் அடிக்காது. போய் நின்று பார்த்தேன்.

இன்னொன்று. மாலையில் பார்க்கிங்கில் சாம்பல் நிறக் கார், எஞ்சின் ஓடிக்கொண்டே. தொப்பி போட்ட ஒருவன் உள்ளே. பா. அதில் ஏறிப் போனான். அவனுடைய சொந்த வண்டி அப்படியே நிற்கிறது. நேற்றும் இப்படித்தான்.

பிப்ரவரி 8, சனி

ஆட்டம் இங்கேயே. பெஞ்சில் உட்கார்ந்து அவனை மட்டுமே பார்த்தேன். பந்து வலப்பக்கம் வந்தால் புலி. இடப்பக்கம் வந்தால் தடுமாற்றம். இன்றும் ஒன்று விட்டான்.

தொப்பிக்காரன் மூன்றாவது வரிசையில். போனைத் தூக்கிப் பிடித்து பா.வை மட்டும் படம் பிடிக்கிறான். பந்து எங்கே போனாலும் போன் அவனை விட்டு நகரவில்லை. இடைவேளையில் இருவரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள்.

சூதாட்டம் பற்றித் தெரிந்தும் சொல்லாதவர்களும் குற்றவாளிகள் என்று சீசன் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

செந்தில் விளையாட்டாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "கிரீன் கார்டு இன்னும் வரல. கேஸு கீஸுன்னு உன் பேரு எதுலயும் வந்துறக் கூடாது. திங்கக்கிழமை போயி சொல்லிரு."

"தப்பா இருந்தா? ஒருத்தன் பொழப்புங்க."

"தப்பா இல்லேன்னா?"



பிப்ரவரி 10, திங்கள்

மேகமூட்டம். கோச் அறை வாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். முதலில் அவனிடமே கேட்டுவிடுவது என்று.

மாலை பார்க்கிங். இருவரும் காருக்கு வெளியே, பா. கையில் காபி. நான் அவனுடைய இடப்பக்கமாக நடந்தேன். தொப்பிக்காரன் என்னைப் பார்த்துவிட்டு முகம் வெளிறினான். பா. பார்க்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், கை எட்டும் தூரம். அப்போதும் பார்க்கவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டேன். துள்ளி விழுந்தான், காபி முழுக்க என் ஷூவில்.

"எப்ப வந்தீங்க?"

நடிப்பு இல்லை. நடிக்கிறவன் கழுத்து அப்படித் திரும்பாது. முகம் மொத்தமும் சுற்றி வந்துதான் என்னைக் கண்டுபிடித்தது.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "நாளைக்கு சீக்கிரம் வா" என்று மட்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அறையைப் பூட்டிக்கொண்டேன். எதிரே உட்கார வைத்து, வலது கண்ணை மூடச் சொன்னேன். என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இடது ஓரத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தேன்.

"தெரியும்போது சொல்லு."

காது தாண்டியது. கன்னம் தாண்டியது. விரல் கிட்டத்தட்ட அவன் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "இப்ப" என்றான். பிறகு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு என் சின்ன ஸ்டூலில் குலுங்கிக்கொண்டு.

நியூ ஜெர்சியில் ஒரு ஆட்டத்தில் இடது கண்ணில் முழங்கை இடி. வீக்கம் வடிந்தது, மறந்துவிட்டான். சன்னிவேலில் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் சந்தேகம்.

"டாக்டர் செக்-அப்ல எப்படித் தப்பிச்சே?"

"எழுத்துப் பலகையைப் படிச்சிருவேன். நடுவுல தெரியுது. ஓரம்தான் இல்ல."

கண் டாக்டரிடம் போகவே இல்லை. போனால் டீமுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். தொப்பிக்காரன் பெயர் யூனுஸ், பள்ளித் தோழன். இருட்டத் தொடங்கினால் பா.வுக்கு வண்டி ஓட்ட முடியாது, அதற்காகத்தான் அவன். படம் பிடிப்பது, எந்தப் பந்து எங்கிருந்து வந்து தப்பியது என்று வீட்டில் போட்டுப் பார்த்து மனப்பாடம் பண்ணுவதற்கு.

"நான் பெட்டிங்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அதுவா இருந்தா நல்லாருந்திருக்கும் டாக்டர். அதுக்குத் தடை போடுவாங்க, என்னிக்காவது அந்தத் தடை முடியும்."

சீசன் முடியும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டான். மேல் லீகிலிருந்து ஒருவர் அடுத்த மாதம் பார்க்க வருகிறாராம். நான் மாட்டேன் என்றேன். இன்னொரு முழங்கை வலது கண்ணில் விழுந்தால்?

"நாளைக்குக் கண் டாக்டர். அப்புறம் நீயே கோச்கிட்ட சொல்லணும். நீ சொல்லலேன்னா நான் சொல்லிருவேன்."

கோபமாகப் போனான். கதவை அறைந்து சாத்தினான்.

பிப்ரவரி 12, புதன்

வருவானா என்று சந்தேகம். வந்தான். யூனுஸ் ஓட்ட, நான் பின் சீட்டில்.

கண்ணுக்குள் அழுத்தம், கிளாக்கோமா. அடிபட்டதால் வந்தது. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், உடனே ஆபரேஷன். அந்த டாக்டர் அம்மா கேட்டார், "இத்தனை நாள் எங்கப்பா இருந்தே?"

அங்கிருந்து நேராக கோச் அறை. நான்தான் ஆரம்பித்தேன். "பாஸ்தியனுக்குக் கண்ணுல ஒரு பிரச்சினை." அவ்வளவுதான் சொன்னேன்.

கோச் பேனாவைக் கீழே வைத்தார். "இடது கண்ணு எவ்வளவு மோசம்?"

எந்தக் கண் என்று நாங்கள் இன்னும் சொல்லவே இல்லை.

பா. என்னைப் பார்த்தான். நான் சுவரிலிருந்த ஆட்டத் திட்டப் பலகையைப் பார்த்தேன். கோச் வரைந்து வைத்த ஒவ்வொரு திட்டத்திலும் பா.வின் இடம் இடது ஓரம். அங்கே நின்றால் மற்ற எல்லோரும் அவனுக்கு வலப்பக்கம். அங்கிருந்து நகர நேர்ந்த போதுதான் பந்தை விட்டிருக்கிறான்.

பிறகு கோச் என்னிடம் (அவர் வாயில் சுகந்தி 'சூ' ஆகிவிட்டது): "சூ, இதை இப்ப ரிப்போர்ட்ல எழுத வேண்டாம். பிளே-ஆஃப் ஆட்டங்கள் முடியட்டும். அவனுக்கும் நல்லது." குரலில் அவ்வளவு அன்பு. ஒரு வாரமாக யாரைச் சந்தேகப்பட்டேன், யாரைப் படாமல் விட்டேன்!

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்றே ரிப்போர்ட் எழுதி டீம் டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். பா.விடம் சொல்லிவிட்டுத்தான். "அனுப்புங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

கோச் இன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை. அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று மேனேஜர் மறைமுகமாகச் சொன்னார். செந்தில் முதலில் கத்தினார், பிறகு சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். "கண்ணு போற விஷயம். வேற என்ன பண்ணிருப்பே, விடு."

பிப்ரவரி 19, புதன்

ஆபரேஷன் முடிந்தது. டீம் அவனை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிட்டது. இரண்டு வரி மின்னஞ்சல்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு பிளாஸ்டிக் மூடி. யூனுஸ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பா. கோச்சுக்கு போன் பண்ணிக் கேட்டானாம், எப்போதிலிருந்து தெரியும் என்று. முதல் பிராக்டிஸிலிருந்தே என்றாராம். குறைந்த சம்பளத்துக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டான் என்றும், ஏதோ பாராட்டு மாதிரி.

"நான் அவரை ஏமாத்துறேன்னு தினமும் குற்ற உணர்ச்சியோட தூங்குனேன் டாக்டர். ஒவ்வொரு ராத்திரியும்."

என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"இருக்கு. போயிரும்னு நெனக்கிறேன்."

அவன் சொந்த ஊரில் இரண்டாம் லீக் கிளப் ஒன்று பேசியிருக்கிறது. இந்த முறை கண்ணைப் பற்றி முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டானாம். இன்னும் பதில் வரவில்லை. ஞாயிறு விமானம்.

பிப்ரவரி 24, திங்கள்

வெயில், காற்று. பா. இடத்துக்குப் புதுப் பையன் வந்திருக்கிறான், இருபத்திரண்டு வயது. வாசலிலிருந்து என் மேசைக்கு நடந்து வந்ததைப் பார்த்தேன். வலது காலைச் சரியாக ஊன்றவில்லை.

"எங்கயாவது வலிக்குதா?"

"எங்கயும் இல்ல மேம்."

நம்பவில்லை. உட்காரச் சொன்னேன்.