மூக்கை நம்பிய வியாபாரம்

மார்ச் 4

தேயிலைத் தூள் இறங்கியது. ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து, முகத்தை உள்ளே விட்டு நன்றாக இழுத்துப் பார்த்தேன். இரண்டில் ஈர வாடை.

"நேத்துதான்க்கா கட்டினது" என்று தரகர் சத்தியம் செய்தார்.

"அப்ப நேத்து உங்க வீட்டுக்குள்ள மழை பெஞ்சிருக்கு" என்றேன். இரண்டையும் வண்டியில் திருப்பி ஏற்றினார். சந்தையில் எனக்குப் பேரே மூக்கக்கா. கூலிக்குத் தூள் சலித்தவள் சொந்தக் கடை வைத்தது இந்த மூக்கால்தான்.

மாலையில் நெஞ்சுக்குள் விசில்.

மார்ச் 9

சரக்கு பார்க்கும் முன்பே, மூச்சிரைப்புக்கு டாக்டர் கொடுத்த நீல பம்பை வாயில் அடித்துக்கொள்கிறேன். மூச்சு ஜம்மென்று திறக்கிறது, மணம் தெளிவாக ஏறுகிறது. தினமும் இழுக்கச் சொன்ன இன்னொரு பம்ப் அலமாரியில் தூங்குகிறது. நன்றாக இருக்கும்போது எதற்கு மருந்து? ஆஸ்துமாவுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டேன்.

மார்ச் 17

கிடங்கில் மூச்சு நின்றுபோச்சு. உள்ளே போகாம இல்ல — போனது வெளியே வரல. பம்பை அடித்தேன், அடித்தேன், ஒண்ணும் ஆகல. கடையில் கூட நிற்கும் என் தம்பி தூக்கி வேனில் போட்டான். "அக்கா, பேசாத, பேசாத" என்று வழி முழுக்க அவன்தான் பேசினான்.

செத்துருவேன்னே நினைச்சேன்.

மார்ச் 27

ஆஸ்பத்திரியில், மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னார்கள். மருந்து கொடுத்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள்.

"மருந்துக்கு அப்புறமும் மூச்சுக்குழாய் முழுசா திறக்கலம்மா" என்றார் டாக்டரம்மா.

"சளியா?"

"சளி, வீக்கம் எல்லாம் உண்டு. ஆனா மூச்சுக்குழாய்ச் சுவர்ல இணைப்புத்திசு செல்கள்னு இருக்கு. புண் வந்தா நார் உண்டாக்கி ஒட்டுப் போடுறது அதுங்க வேலை. நீங்க தினமும் தூளை இழுக்கிறீங்க, தினமும் புண்ணாகுது, ஒட்டு மேல ஒட்டு விழுது. சுவர் தடிச்சுப் போகுது. சில செல்கள் தசை மாதிரி இறுக்கவும் பழகிடும்."

"நீல பம்ப் அடிச்சேனே?"

"அது தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். தடிச்ச சுவரை ஒண்ணும் பண்ணாது. நீங்களே கதவைத் திறந்துவிட்டு தூளை உள்ள அனுப்பியிருக்கீங்க."

தடித்தது இளைக்குமா என்று கேட்டேன். எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாதாம். தினசரி பம்பை விடாமல் இழுத்து, தூளை விட்டு விலகினால், மேலும் தடிக்காமல் பார்க்கலாமாம்.

மார்ச் 28

சோம்பேறி வேலையாளை மிரட்டலாம், நிறுத்தலாம். இந்தச் செல்லுங்க நல்ல வேலைக்காரங்க. போதும்னு சொல்ல ஆள் இல்லாத வேலைக்காரங்க. என்னைக் காப்பாத்துறேன்னு என் மூச்சையே அடைக்குதுங்க. இப்பவும், இதை எழுதும்போதும், உள்ளே ஒட்டுப் போடுதோ?

ஏப்ரல் 6

முகமூடியோடு கிடங்குக்குப் போனேன். மணமே ஏறவில்லை. மணம் தெரியாத நான் யார்? கடை என்ன ஆகும்? கழற்றிவிட்டேன். ஒரே ஒரு மூட்டைதான்.

மறுபடி விசில். பைத்தியக்காரி.

"நான் உன்னைக் கட்டினேனா, உன் மூக்கைக் கட்டினேனா?" என்றார் வீட்டுக்காரர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 8

தம்பி கேட்டான்: "வாங்குறவன் தூளை மோந்தா பாக்குறான்? குடிச்சுத்தானேக்கா பாக்குறான்?"

இத்தனை வருஷம் எனக்குத் தோணல பாரு.

ஏப்ரல் 20

இப்போது குடித்துத்தான் சரக்கு பார்க்கிறேன்; நாக்கு இன்னும் தடுமாறுகிறது. ஒரு மட்டச் சரக்கை நல்லதென்று வாங்கித் தொலைத்தேன். தினசரி பம்ப் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. பயம் தவறவிடாது.

ஜூலை 10

ஆஸ்பத்திரியில் மறுபடி ஊதினேன். எண் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. லாபமே இல்லாத கணக்கைப் பார்த்து முதல்முறையாகச் சந்தோஷத்தில் கண் கலங்கினேன்.

மத்தியானம் தரகர் வந்தார். கிடங்கில் மூட்டையைப் பிரிக்க, வாசலில் நின்ற என் கழுத்து தானாகக் குனிந்தது. நிமிர்ந்துகொண்டேன்.

"தம்பி, ஒரு பிடி எடுத்து வெந்நீர்ல போட்டுக் கொண்டா."

"என்ன மூக்கக்கா, மூக்கு என்னாச்சு?"

"அதுக்கு லீவு. நாக்கு வேலைக்குச் சேர்ந்திருக்கு."

ஒரு வாய் குடித்தேன். நிதானமாக விழுங்கினேன்.

"உங்க வீட்டுக்குள்ள மழை இன்னும் விடல போல."

திருப்பி ஏற்றினார்.