அரைப்பேர்

தோஹா

அன்புள்ள ஜீவராணிக்கு,

நான் நல்ல சுகம். அட்டை கடித்த உன் கால் ஆறிவிட்டதா? புண்ணோடு மலைக்குப் போகாதே. அத்தையின் இருமல் எப்படி இருக்கிறது?

பொங்கலுக்கு வருகிறேன் என்றிருந்தேனே, முடியாது போலிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. டிக்கெட்டுக்குச் சேர்த்த காசை என் அறைக் கூட்டாளி கஸ்பரின் தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தேன். மார்கழிக்குள் தருகிறேன் என்று வாயால் சொன்னதுதான், எழுத்து ஒன்றும் இல்லை. நேற்று கோபமாகத்தான் கேட்கப் போனேன். பாதியை என் கையில் வைத்து, "அண்ணே, இப்பைக்கு அரைப்பேருதான் போட முடியும், கோவிச்சுக்காதீங்க" என்றான். கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம் என்று கணக்கப்பிள்ளை உனக்கு எழுதுவாரே, அந்த அரைப்பேர். அவனும் உடப்புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளைதானே. இங்கே வந்த பிறகு காதில் விழாத சொல். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எங்கே சண்டை பிடிப்பது?

அந்தப் பாதிக்கு ஊருக்கு வர டிக்கெட் கிடைக்கும், இங்கே திரும்பிவரக் கிடைக்காது. அந்த ஒரு டிக்கெட்டையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அதனால்தான் காசை, லீவில் ராகலைக்கு வரும் றொக்சனிடம் கொடுத்துவிட்டேன். அது என் கையில் இருக்கக் கூடாது. நீ கூரைத் தகரத்தை மாற்றிவிடு.

ஏர்போர்ட் வேன் வந்துவிட்டது, கடிதத்தைக் கேட்டு றொக்சன் கூப்பிடுகிறான். அவன் திரும்பும்போது என் பழைய கம்பளியைக் கொடுத்தனுப்பு. இங்கே ஏசி குளிர். துவைத்துவிடாதே, அடுப்புப் புகை வாசம் போய்விடும்.

உன்
தனுஷன்