வாய்விட்டுச் சொல்லும் நம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். முட்டி வலி குறைந்ததா? அம்மா தைலம் எடுத்து வந்தால் நழுவாதீர்கள்.

நீங்கள் கேட்டபடி இரண்டு கார்டையும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். கடைக்கு நீலக் கார்டுதான் மலிவு, கூடுதலாக எதுவும் பிடிப்பதில்லை. பணம் எடுக்க நீங்கள் கொடுத்த பச்சைக் கார்டு. ஒவ்வொரு தடவைக்கும் பிடிக்கிறார்கள் என்பதால் மாதத்துக்கு ஒரே தடவைதான் எடுக்கிறேன்.

நேற்று ஒரு அசட்டுத்தனம் செய்தேன், திட்டாதீர்கள். இந்த ஊர்ப் பணத்தில் கணக்குப் போடவா, ரூபாயிலா என்று ஏடிஎம் கேட்டது. ரூபாயைத் தொட்டால் செலவு அதிகம் என்று அறைத்தோழி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் திரையில் ரூபாயைப் பார்த்ததும் கை தானாக அங்கே போய்விட்டது.

நம் தெருமுனை ஏடிஎம்மில் என்னையே திரும்பி நிற்கச் சொல்லி, பொத்தான்களைத் துண்டால் மூடிவிட்டு, நம்பரை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே அழுத்துவீர்களே, அது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பச்சைக் கார்டின் நம்பரை மாற்றச் சொன்னீர்கள், மாற்றவில்லை. நானும் இங்கே உங்கள் ராகத்திலேயே வாய்விட்டுத்தான் சொல்லி அழுத்துகிறேன். பயப்படாதீர்கள் அப்பா, தமிழில் சொல்வதால் இங்கே ஒருவருக்கும் புரியாது.

உங்கள் மகள்